கையில் ஊசி, காலைச் சுற்றிக் குழந்தைகள்: பின்னல் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வெட்டர், குல்லா, போர்வை என்று நான் பின்னத் தொடங்கிய காலத்தில் எனக்கு நிறைய நேரம் இருந்தது. இன்று வீடு, வேலை, இரண்டு பிள்ளைகள். ஆனாலும் அன்றைவிட இன்றுதான் அதிகம் பின்னி முடிக்கிறேன். எதைப் பின்னுவது என்று தேர்ந்தெடுக்கும் முறை மாறியதுதான் காரணம். பார்க்க எவ்வளவு அழகு என்பதை அப்புறம் வைத்துக்கொண்டு, "இதைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு எழுந்து போக முடியுமா?" என்று முதலில் பார்க்கிறேன். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ஒரு நாளில் இருபது நிமிடம் கிடைப்பதே பெரிய விஷயம். இதை வைத்துக்கொண்டு தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம் உள்ள ஒரு மஃப்ளர். நடுத்தரத் தடிமன் நூலில், எல்லா வரிசையையும் ஒரே மாதிரி நேர்க் கண்ணியாக (கண்ணி என்பது ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையம்; நேர்க் கண்ணியை ஆங்கிலத்தில் 'நிட்' என்பார்கள்) பின்னினால், 10 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 18 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 36 வரிசை வரும். அதாவது 36 கண்ணி, 540 வரிசை. மொத்தம் 19,440 கண்ணிகள். நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் கைக்கு இது பதினாறு மணி நேர வேலை. தினம் இருபது நிமிடம் என்றால் ஏழு வாரத்தில் முடியும்.

அந்த இருபது நிமிடமும் சேர்ந்தாற்போல் கிடைக்க வேண்டியதில்லை. ஒரு வரிசைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிள்ளை ஷூ போட்டு முடிக்கும்வரை ஒரு வரிசை, டாக்டர் கூப்பிடும்வரை ஐந்து வரிசை. ஊசியும் நூலும் ஒரு சிறு பையில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அலமாரியைத் திறந்து, டப்பாவை இறக்கி, எல்லாவற்றையும் பரப்பித்தான் தொடங்க முடியும் என்றால் அந்த வேலை நடக்காது.

இரண்டு ஊசிப் பின்னலா, குரோஷாவா? எது எனக்கு ஒத்துவரும்?

இரண்டும் அழகுதான். ஆனால் பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசையில் உள்ள அத்தனை கண்ணிகளும் ஊசியின் மேல் திறந்தபடி நிற்கும். ஊசி நழுவினால் அத்தனைக்கும் ஆபத்து. குரோஷா என்பது ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னுவது; அதில் பெரும்பாலான வேலைகளில் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. அதை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துவிட்டோ, ஒரு ஊக்கைக் கோத்தோ வைத்துவிட்டு நீங்கள் ஒரு வாரம் கழித்து வந்தாலும் அப்படியே இருக்கும்.

வீட்டில் தவழும் வயதில் குழந்தை இருந்தால் குரோஷாவில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதிலும் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வளரும் சிறு சதுரங்கள் நல்ல ஆரம்பம். ஒரு சதுரத்துக்கு அரை மணி நேரம் போதும். முடிந்தது முடிந்ததுதான், அதை எந்தக் கையும் கலைக்க முடியாது. அறுபது, எழுபது சேர்ந்த பிறகு இணைத்தால் போர்வை.

துண்டு துண்டாகச் செய்து இணைப்பது புது யோசனையும் இல்லை. 1845-ல் தொடங்கிய பெரும்பஞ்சக் காலத்தில் அயர்லாந்தில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டிலிருந்தபடியே குரோஷா லேஸ் பின்னித்தான் பிழைத்தன. ரோஜா, இலை, திராட்சைக் கொத்து என்று பூ வேலைகளைத் தனித்தனியாகப் பின்னி, கடைசியில் மெல்லிய வலைபோன்ற பின்னலால் ஒன்றாகச் சேர்ப்பார்கள். ஒரு பூவை ஒருவர், இலையை இன்னொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளவும் முடிந்தது. வீட்டு வேலைக்கு நடுவே உள்ளங்கை அளவு வேலைதான் நகரும் என்பது அந்தக் கைகளுக்கும் தெரிந்திருக்கிறது.

உடம்போடு ஒட்டி மெத்தென்று இழுத்துக்கொடுக்கும் ஸ்வெட்டரும் சாக்ஸும்தான் வேண்டும் என்றால் அதற்கு இரண்டு ஊசிப் பின்னல்தான். குரோஷாத் துணி சற்றுக் கனமாக, விறைப்பாக வரும். நூலும் கூடுதலாகச் செலவாகும்.

வரிசை நடுவில் எழுந்து போனால் திரும்பி வந்து எந்தப் பக்கம் தொடர்வது என்றே தெரிவதில்லை.

இது எல்லோருக்கும் வரும் குழப்பம். ஒரே ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியிலிருந்து தொங்குகிறது? நடுவில் விட்ட வரிசை என்றால், வலது கையால் பின்னுபவர்களுக்கு, நூல் தொங்கும் ஊசி வலக்கைக்குப் போக வேண்டும். கடைசியாகப் போட்ட கண்ணி அதில்தான் இருக்கிறது. மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் பின்னிவிடுவீர்கள். ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை உயரமாகி நடுவில் ஓட்டை விழும்.

அடுத்தது, துணியை வாசிக்கக் கற்றுக்கொள்வது. பின்னுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்பது என் எண்ணம். ஊசிக்கு நேர் கீழே பாருங்கள். நேர்க் கண்ணி ஆங்கில 'வி' எழுத்து மாதிரி இரண்டு கால் விரித்து நிற்கும். மறுகண்ணி (ஆங்கிலத்தில் 'பர்ல்', நேர்க் கண்ணியின் பின்பக்கம்) கழுத்தில் ஒரு மணி கட்டினாற்போல் குறுக்கே ஒரு முடிச்சோடு இருக்கும். இந்த இரண்டும் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால், போன வரிசையில் என்ன செய்தீர்கள் என்பதைத் துணியே சொல்லிவிடும். எல்லா வரிசையும் நேர்க் கண்ணியாகப் போட்ட துணியில் மேடு மேடாகத் தெரியும். ஒரு மேடு என்றால் இரண்டு வரிசை. மேட்டை எண்ணினால் போதும்.

அப்புறம், மனதில் எண்ணாதீர்கள். "எழுபத்து இரண்டு, எழுபத்து மூன்று" என்று போய்க்கொண்டிருக்கும்போது யாராவது "அம்மா, நாளைக்கு மணி ஒன்பதா, பத்தா?" என்று கேட்டால் எண்ணிக்கை போய்விடும். இருபது கண்ணிக்கு ஒரு வளையம் மாட்டி வைத்தால் கடைசி வளையத்திலிருந்து எண்ணினால் போதும். வரிசைக் கணக்குக்கு ஒரு சீட்டும் பென்சிலும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

குழந்தை ஊசியை உருவிவிட்டாள். எல்லாம் போச்சா?

போகவில்லை. முதலில் நூலை இழுக்காதீர்கள், துணியைத் தூக்காதீர்கள். சுற்றியிருக்கும் கைகளை விலக்கிவிட்டு, மேசையில் சமமாக விரித்து வையுங்கள். கம்பளி நூல் சொரசொரப்பானது. ஊசி இல்லாமலும் கண்ணிகள் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். வழவழப்பான பருத்தி நூல்தான் சீக்கிரம் ஓடும்.

என் மகளுக்கு இரண்டு வயதாகும்போது ஒருநாள், 110 கண்ணி இருந்த ஊசியை உருவி, அதை வைத்துப் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அன்று நான் பதறி நூலை இழுத்ததால்தான் ஆறு வரிசை கூடுதலாகப் பிரிந்தது. ஊசி போனதால் வந்த சேதம் மிகக் குறைவு.

இரண்டு அளவு மெல்லிய ஊசி ஒன்றை எடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து கண்ணிகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றுங்கள். கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்பக்கம் வர வேண்டும். சிலது திரும்பி ஏறினாலும் கவலை வேண்டாம், அடுத்த வரிசையில் பின்னும்போது திருத்திக்கொள்ளலாம். ஏதாவது ஒரு கண்ணி கீழே இறங்கி ஓடியிருந்தால் அதற்கு மேல் ஏணிப்படி மாதிரி குறுக்கு இழைகள் தெரியும். துணியின் 'வி' தெரியும் பக்கத்தை உங்களைப் பார்த்து வையுங்கள். குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து விட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் முதல் படியைக் கொக்கியில் பிடித்து, கண்ணி வழியாக வெளியே இழுங்கள். அடுத்த படி. அதற்கடுத்தது. மேலே வந்ததும் ஊசியில் மாட்டிவிடுங்கள். அதனால் இரண்டு ஊசிப் பின்னல் செய்கிறவர்களும் பையில் ஒரு குரோஷா ஊசி வைத்திருக்க வேண்டும்.

சிக்கலான டிசைன் என்றால் முன்கூட்டியே ஒரு காப்பு நூல் போட்டுவிடுங்கள். லைஃப்லைன் என்பார்கள். மழுங்கிய தையல் ஊசியில் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்து, ஊசியில் நிற்கும் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டி அப்படியே விட்டுவிட்டு மேலே பின்னிக்கொண்டே போங்கள். என்ன நடந்தாலும் பிரிவது அந்த நூலோடு நின்றுவிடும். பத்து வரிசைக்கு ஒன்று போட்டால் நிம்மதி.

என்ன நூல் வாங்குவது?

துவைக்கப்போவது யார் என்று யோசித்து வாங்குங்கள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடான தண்ணீரில் அலசி அடிக்கும்போது அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. அவசரத்தில் யாரோ எல்லாத் துணியையும் சேர்த்து மெஷினில் போடும் வீட்டில், சாதாரணக் கம்பளி நூலில் மூன்று மாதம் உழைப்பது ஆபத்து. மெஷினில் துவைக்கத் தக்கபடி பதப்படுத்திய கம்பளியும் கிடைக்கிறது. லேபிளில் சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கும்.

அக்ரிலிக் சாதாரண மெஷின் துவைப்பைத் தாங்கும், ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகித் தொய்ந்துவிடும். பருத்தி வியர்வைக்கு நல்லது; இழுத்துக்கொடுக்காது என்பதால் கைக்குக் கொஞ்சம் கடினம். முதல் முறை பின்னுகிறவர்கள் வெளிர் நிறத்தில், வழவழப்பான, நடுத்தரத் தடிமன் நூல் எடுங்கள். கறுப்பு நூலில் இரவு விளக்கில் கண்ணி தெரியாது.

இன்னொன்று, மொத்த நூலையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். லேபிளில் சாயத் தொகுதி எண் இருக்கும். அது மாறினால் அதே நிறத்திலும் சாயல் மாறும். கடையில் தெரியாது; பின்னி முடித்து வெளிச்சத்தில் பார்க்கும்போது கோடு போட்டாற்போல் தெரியும்.

அளவு பார்க்க முதலில் ஒரு சிறு சாம்பிள் துண்டு பின்னித்தான் ஆக வேண்டுமா? இருக்கிற நேரமே கொஞ்சம்.

மஃப்ளருக்கும் போர்வைக்கும் வேண்டாம். உடம்பில் போடுவதற்குக் கட்டாயம் வேண்டும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று செய்முறைக் குறிப்பில் போட்டிருக்கும் ஸ்வெட்டருக்கு 90 செ.மீ. சுற்றளவு வர 180 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் இறுக்கமாகி 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுந்தால் அதே 180 கண்ணி 82 செ.மீ.தான் வரும். இரண்டே கண்ணி வித்தியாசத்தில் எட்டு சென்டிமீட்டர் போய்விட்டது. பின்னிய துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளக்க வேண்டும். அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் நாற்பது மணி நேரத்தை இழக்காதீர்கள்.

பிறந்த குழந்தைக்கு என்ன பின்னித் தரலாம்?

குல்லா, சாக்ஸ், சட்டை. துளைத் துளையான லேஸ் டிசைன் வேண்டாம், சின்ன விரல் மாட்டிக்கொள்ளும். பொத்தான், மணி, நீளமான கயிறு எதுவும் வேண்டாம். உள்பக்கம் தொங்கும் நூல் முனைகளை நன்றாகக் கோத்து ஒளியுங்கள். போர்வை பின்னினால், அது மடியில் வைத்திருக்கும்போது போர்த்த, தரையில் விரித்துப் படுக்கவைக்க என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ குல்லாவோ இருக்கக்கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அழகான பொருளைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள்.

நான் பின்னி முடிப்பதற்குள் பையன் வளர்ந்துவிடுகிறான்.

ஒரு அளவு பெரிதாகப் பின்னுங்கள். அதைவிட நல்ல வழி, கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ஸ்வெட்டர். உடம்பும் கையும் கீழ் ஓரத்தில் முடிவதால், அடுத்த வருடம் அந்த ஓரத்தை மட்டும் பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, இன்னும் பத்துப் பன்னிரண்டு வரிசை சேர்க்கலாம். கீழிருந்து மேலே பின்னியதை அப்படிச் சுலபமாகப் பிரிக்க முடியாது, ஆரம்ப ஓரம் அவிழாது. பிள்ளைகள் குறுக்கைவிட நெடுக்கில்தான் வேகமாக வளர்வார்கள் என்பதால் ஒரே ஸ்வெட்டர் இரண்டு, மூன்று வருடம் வரும். என் பையனின் ஸ்வெட்டரில் கை முனையில் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. ஒவ்வொரு பட்டையும் ஒரு வருடம்.

பிள்ளைகளும் "எனக்கும் கொடு" என்கிறார்கள். எந்த வயதில் சொல்லிக்கொடுக்கலாம்?

நாலைந்து வயதில் விரல் பின்னல். ஊசியே வேண்டாம். தடித்த நூலைக் கட்டை விரலில் சுற்றிவிட்டு, மற்ற நாலு விரல்களுக்கும் முன்னும் பின்னுமாக ஓட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். அதே மாதிரி இன்னொரு சுற்று. இப்போது ஒவ்வொரு விரலிலும் இரண்டு நூல் இருக்கும். கீழ் நூலை மேல் நூலுக்கு மேலாகத் தூக்கி விரல் நுனி வழியாகப் பின்னால் தள்ள வேண்டும். மறுபடி ஒரு சுற்று, மறுபடி தூக்கல். கையின் பின்புறத்தில் வால் மாதிரி ஒரு கயிறு நீளும். அந்த வாலைப் பார்த்ததும் குழந்தைக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கலாம்.

ஏழெட்டு வயதில் தடித்த குட்டை ஊசிகள் கொடுக்கலாம். விழுந்த கண்ணியை அவர்கள் கேட்காமல் திருத்தாதீர்கள். கோணலாக வந்த துண்டை அவர்கள் பொம்மைக்குப் போர்வை என்றால் அது போர்வைதான்.

மணிக்கட்டு வலிக்கிறது.

நிறுத்துங்கள். வலியோடு பின்னிப் பழகக்கூடாது. பெரும்பாலும் நூலை இறுக்கிப் பிடிப்பதாலும், பகலெல்லாம் கிடைக்காத நேரத்தை இரவில் இரண்டு மணி நேரம் சேர்த்துப் பின்னுவதாலும் வருவது இது. இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை கையை உதறி, விரல்களை விரித்து மடக்குங்கள். பெரிய போர்வைக்கு, இரண்டு முனைகளையும் ஒரு வயர் இணைக்கும் வட்ட ஊசி நல்லது. துணியின் பாரம் மடியில் உட்கார்ந்துவிடும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனாலோ, இரவில் வலியால் விழித்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

பாதியில் நிற்கும் வேலைகள் ஐந்தாறு இருக்கின்றன. பார்த்தாலே மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இன்று புதிதாக இதைத் தொடங்குவேனா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். நூல் வீணாகவில்லை, நீங்கள் கற்றதும் வீணாகவில்லை.

அதற்குப் பிறகு இரண்டே வேலை வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே, பார்க்காமலே செய்யக்கூடிய ஒன்று. எல்லோரும் தூங்கிய பிறகு கவனமாகச் செய்யும் ஒன்று. எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு செய்ய வேண்டிய டிசைனை பகலில் எடுத்தால் பிள்ளைகள் மேல்தான் எரிச்சல் திரும்பும். அது அவர்கள் தப்பு இல்லை.

நான் பின்னுவதைப் பார்த்துத் தெரிந்தவர்கள் எல்லாம் "எனக்கும் ஒன்று" என்கிறார்கள்.

முதல் கேள்வியில் போட்ட கணக்கைச் சொல்லுங்கள். பதினாறு மணி நேரம். மனதார அவ்வளவு நேரம் கொடுக்கத் தோன்றுகிறவர்களுக்கு மட்டும் சரி என்று சொல்லுங்கள்.

அம்மா பாதியில் விட்டுப்போன ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. ஊசியிலேயே நிற்கிறது. நான் முடிக்கலாமா?

முடிக்கலாம். அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கம்பளியில்தான் அது வரும். அப்புறம் ஊசியில் நிற்கும் கண்ணிகள் வழியாக ஒரு காப்பு நூல் ஓட்டுங்கள். உங்கள் கையில் என்ன தவறினாலும் அம்மா பின்னிய பகுதி பத்திரமாக இருக்கும்.

அவர் கையும் உங்கள் கையும் ஒரே இறுக்கத்தில் இருக்காது. 10 செ.மீ.க்கு அவர் எத்தனை கண்ணி போட்டிருக்கிறார் என்று எண்ணி, அது வரும்வரை தனித் துண்டில் ஊசியை மாற்றி மாற்றிப் பாருங்கள். அப்படியும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். அதே சாய நூல் இனிமேல் கிடைப்பதும் கஷ்டம். அதனால் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் நிறத்தைத் தேடி அலையாமல், தெளிவாக வேறு ஒரு நிறத்தில் தொடருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்தார். மார்பு வரை சாம்பல் நிறம், அதற்கு மேல் நீலம். அம்மா கடைசியாக விட்ட வரிசை எது என்று அதைப் பார்த்த உடனே தெரியும். அந்த இடத்தில் ஓட்டிய காப்பு நூலை மட்டும் அவர் இன்னும் உருவவில்லை.